அமெரிக்க எஞ்சினும் ஆங்கிலேயக் கொக்கியும்

வயது வந்தவர்களும் பொம்மை ரயில் செய்வதை ஒரு சாஸ்திரமாகவே பயிலும் இங்கிலாந்தில், சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. ஏதர்ன் முதலிய அமெரிக்கக் கம்பெனிகளின் சிற்றுரு டீசல் எஞ்சினை விலைக்கு வாங்கி, அதன் மேற்கூட்டைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, நடுவில் மோட்டாரை வைத்து இரண்டு போகிகளின், அதாவது அடியிலுள்ள சக்கரச் சட்டங்களின், சக்கரங்களை ஒருசேரச் சுழற்றும் அடிச்சட்டத்தை மட்டும் எடுத்து, வேண்டிய நீளத்துக்கு வெட்டியோ ஒட்டியோ, அதன்மேல் ஆங்கில எஞ்சினின் கூட்டைக் கவிழ்ப்பார்கள். உள்நாட்டுப் பொம்மைகளில் பெரும்பாலும் ஒரு போகிக்கே மோட்டார் உண்டு என்பதும், அவை நாலு பெட்டிகளை இழுப்பதற்குள் சக்கரம் வழுக்கும் என்பதும் இதற்குக் காரணம். நிஜ எஞ்சினின் ஓர் அடிக்கு அமெரிக்கச் சிற்றுருவில் 3.5 மில்லிமீட்டர், ஆங்கிலச் சிற்றுருவில் 4 மில்லிமீட்டர். ஓடுவதோ இரண்டும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில். ஆங்கிலக் கணக்குப்படி அது ஏறக்குறைய 18.8 இருக்க வேண்டும். பெரிய உடம்புக்குச் சின்னச் செருப்பு!

இந்த மேசைமேல் வித்தையைப் பற்றிக் கேள்விப்பட்டபோது எனக்குப் புதுக்கோட்டை ஸ்டேஷன்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஏனெனில் இதே காரியம் பொம்மையாக அல்லாமல், 72 டன் எடையுள்ள நிஜமாக, எங்கள் ஊர் வழியே பல்லாண்டு போய்வந்துகொண்டிருந்தது.

புதுக்கோட்டை சமஸ்தானத் தலைநகருக்குத் திருச்சியிலிருந்து ரயில் வந்தது 1929இல். மறு ஆண்டு அது மானாமதுரை வரை நீண்டது. போட்டவர்கள் தென்னிந்திய ரயில்வேக்காரர்கள். பாதை மீட்டர் கேஜ். கொக்கியும் பிரேக்கும் கொடியும் விளக்கும் ஆங்கிலேய சம்பிரதாயம். 1948இல் சமஸ்தானம் இந்திய யூனியனில் இணைந்த பின்னும் இவை மாறவில்லை. ராஜ்யம் மாறுவது சுலபம், கொக்கி மாறுவது கடினம்.

1961 தொடங்கி இந்த மீட்டர் கேஜ் உலகத்துக்குள் அமெரிக்க டீசல் எஞ்சின் நுழைந்தது. நியூயார்க் மாகாணத்துச் செனக்டடி நகரில் இருந்த ஆல்கோ கம்பெனி ஏற்றுமதிக்கென்றே வகுத்த டி.எல். 535 என்ற மாதிரி, இங்கே ஒய்.டி.எம். 4 என்று நாமகரணம் பெற்றது. ஆறு சிலிண்டர், சுமார் 1,350 குதிரைத்திறன். இலேசான தண்டவாளம் தாங்கும்படி பாரத்தை ஆறு அச்சுகளில் பங்கிட்டு, அச்சுக்கு 12 டன் என்று நிறுத்தினார்கள். ஒரு மீட்டர் அகலத்துக்குள் சக்கரங்களுக்கு நடுவே மின்மோட்டாரையும் அடக்கினார்கள். பின்னர் கனடாவிலிருந்தும் இவை வந்தன. 1968 முதல் காசியிலேயே உற்பத்தியாயின. இதன் தாயாதி ஒன்று அலாஸ்காவின் பனிமலைப் பாதையில் இதைவிடக் குறுகிய தண்டவாளத்தில் ஓடியது என்றால், நார்த்தாமலை வெயிலில் நின்று வண்டி பார்த்தவர் எவர் நம்புவார்?

ஆனால் அமெரிக்கச் சரக்கை அப்படியே இங்கே ஓட்ட இயலாது. அவர்கள் வண்டிகளைக் கோப்பது கைவிரல்களைப் போல் ஒன்றையொன்று பற்றும் இணைப்பால். நம் மீட்டர் கேஜில் நடுவே ஒற்றைப் பஃபரும், அதன்மேல் விழும் கொக்கியும். அவர்களுடைய பிரேக் அழுத்தக் காற்றினால் இயங்குவது. நம்முடையதோ குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தால் விடுபட்டு, காற்று உள்ளே புகுந்தால் பிடித்துக்கொள்ளும் வாக்யூம் பிரேக். ஆகையால் அமெரிக்க இருதயம் படைத்த அந்த எஞ்சினுக்கு முன்னும் பின்னும் ஆங்கிலேயக் கொக்கியை மாட்டி, காற்றை உறிஞ்சும் யந்திரம் ஒன்றையும் வயிற்றுக்குள் வைக்க வேண்டியதாயிற்று. என் அபிப்பிராயத்தில், குதிரைத்திறனைவிட இந்த ஒட்டுவேலையே பெரிய சாமர்த்தியம்.

எஞ்சின் பின்னோக்கி வந்து பெட்டியை மெல்ல முட்டும். ஆள் ஒருவர் குனிந்து இடையில் புகுந்து, கொக்கியைத் தூக்கிப் போட்டு, ரப்பர்க் குழாய்களை இணைத்துவிட்டு வெளியே வந்து கையை அசைப்பார். உஸ்ஸென்ற ஓசை தேய்ந்து அடங்க, டிரைவர் முன்னிருக்கும் முள் மெதுவாக ஏறும். அது உரிய இடத்துக்கு வரும்வரை வண்டி அசையாது. பிறகு கரும்புகை ஒரு குப்பென்று கிளம்பும். அடுத்த ஸ்டேஷன் நமனசமுத்திரம், அப்பால் திருமயம்.

இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் பாதை அகலமானதும் ஒய்.டி.எம். 4 விடைபெற்றது, அந்த இனத்து எஞ்சின்கள் சில மலேசியாவுக்கும் மியான்மருக்கும் போயின. அதன் பிறகு வந்த அகலப்பாதை டீசல்களும் அதே ஆல்கோ வம்சம்தான், ஆறுக்குப் பதில் பதினாறு சிலிண்டர். இப்போது மின்கம்பியும் வந்துவிட்டது. வண்டி புறப்படுவதைக் காதால் அறிந்து, காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிய பழக்கம் உள்ளவர்கள், இப்போது கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.