குளிருக்கு வாடகை

ஆன்சைட்ல சுவிட்சர்லாந்து போயிருந்தப்ப டீம்ல எல்லாரும் பனிச்சறுக்குக்கு கிளம்பினாங்க. மலை மேல ஒரு மரவீடு, ஷாலேன்னு பேரு. வாடகையைக் கேட்டதும் பகீர்னுச்சு. குளிர்ல நடுங்கறதுக்கு காசு வேறயான்னு நான் ரூம்லயே இருந்துட்டேன்.

பின்னாடி படிச்சுப் பார்த்தா, அந்த ஊர் பழைய ஆட்களும் என் கட்சிதான் மக்களே!

ஷாலே என்பது முதலில் ஆல்ப்ஸ் மேய்ப்பர்களின் குடில். கோடையில் மாடு மேய்த்து, பாலைக் காய்ச்சி சீஸ் செய்யும் இடம். பனிக்காலம் வருமுன் மாடுகளோடு கீழே இறங்கிடுவாங்க. குடில் பூட்டிக் கிடக்கும்.

அப்போ குளிர்காலத்துல மலையைத் தேடிப் போனது யாரு? நோயாளிகள்! 1865ல் காசநோய்க்காரங்க இரண்டு பேர் டாவோஸ் என்ற மலையூருக்கு குளிர்காலத்தில் போனாங்க. மலைக்காற்று நுரையீரலுக்கு நல்லதுன்னு நம்பிக்கை. பின்னாடியே கூட்டம் வந்தது.

மனைவியின் காசநோய்க்காக அங்கே போனவர்தான் ஆர்தர் கானன் டாயில் (ஆமாங்க, ஷெர்லாக் ஹோம்ஸ் எழுதினவரேதான்). 1894ல் ஸ்கீ மாட்டிக்கிட்டு அரோசா வரை மலை தாண்டினார். ஒரு நாள் ஆங்கிலேயர்கள் நூற்றுக்கணக்கில் இதுக்காகவே வருவாங்கன்னு எழுதினார். பலிச்சிடுச்சு. 1940களில் காசநோய்க்கு மருந்து வந்தபிறகு சானடோரியங்கள் பலவும் ஓட்டல்களாச்சு.

பனிக்குப் பயந்து இறங்கின மலைகளில் இப்போ பனி போதலைன்னு கவலை. உயரம் குறைஞ்ச சரிவுகளில் மெஷின் வெச்சு பனி தூவுறாங்க.

அடுத்த தடவை கூப்பிட்டா போயிடணும். பனி மிச்சமிருந்தா.