பசுமலையும் சிந்தாமணியும்

பசுமலையில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் ஊர்ப் பெயருக்கு என் பாட்டி ஒரு கதை சொல்வார். மதுரையை அழிக்கச் சமணர்கள் வேள்வி செய்து ஒரு மாயப் பசுவை ஏவினார்களாம். சொக்கநாதர் நந்தியை அனுப்ப, அதன் முன்னே விழுந்த பசு மலையாகிவிட்டதாம். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்திலும் இது ஒரு படலம். நாகமலைக்கும் யானைமலைக்கும் இதே மாதிரிக் கதைதான். ஆக, சமணர் என்றாலே மதுரைக்கு ஆகாதவர் என்பது என் மனசில் சின்ன வயதிலேயே பதிந்துபோனது.

கல்லூரியில் சீவக சிந்தாமணி பாடமாக வந்தது. பாடியவர் திருத்தக்கதேவர் என்ற சமணத் துறவி. கதாநாயகன் சீவகனுக்கோ எட்டுத் திருமணம்! ‘மணநூல்’ என்றே அதற்கு ஒரு பெயர். கடைசி பெஞ்சில் ஒரே சிரிப்பு. “சாமியார் எழுதுற கதையாடா இது?” என்று உரக்கக் கேட்டவன் அடியேன்தான். தமிழையா கோபிக்கவில்லை. “கடைசி இலம்பகத்தையும் படிச்சிட்டு வந்து சிரிங்கடா” என்றார். அத்தோடு ஒரு வரலாறும் சொன்னார்.

சமணருக்குத் துறவைத்தான் பாட வரும், இன்பத்தைப் பாட வராது என்று மதுரைப் புலவர்கள் சொன்னார்களாம். அதற்குப் பதிலாகவே தேவர் இந்தக் காப்பியத்தைப் பாடினார் என்பது வழிவழிச் செய்தி. அதற்கு உரை கண்ட நச்சினார்க்கினியரும் நம் மதுரைக்காரர்தான். அவர் முதலில் எழுதிய உரையைச் சமணர்கள் ஏற்கவில்லையாம். பிறகு சமண நூல்களைக் கற்று மறுபடியும் எழுதினார் என்று சொல்வார்கள்.

அடுத்து உ.வே.சாமிநாதையர். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியர். சைவ மடத்தில் பயின்று, அந்தாதியும் பிள்ளைத்தமிழும் உலாவும் கரைத்துக் குடித்தவர். சேலம் இராமசாமி முதலியார் சிந்தாமணியைத் தந்து படிக்கச் சொன்னார். படித்தால் பல இடங்கள் பிடிபடவில்லை! ஐயர் கூச்சப்படாமல் அவ்வூர்ச் சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்டுத் தெளிந்தார். ஏடுகளை ஒப்பிட்டு 1887-இல் நூலைப் பதிப்பித்தார். நமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்ட அந்தப் பணிவு இல்லையேல், இந்த நூல் நம் மேசைக்கு வந்திருக்குமா?

எனக்குச் சுருக்கென்றது. விடுமுறையில் கடைசியான முத்தி இலம்பகத்தைப் படித்தேன். சோலையில் ஓர் ஆண் குரங்கு தன் துணைக்குப் பலாச்சுளை கொடுக்கிறது. காவல்காரன் அவற்றை விரட்டிவிட்டுப் பழத்தைத் தான் தின்கிறான். அதைப் பார்த்த அரசன் சீவகன், பழத்தை இழந்த குரங்கு தான் வென்ற கட்டியங்காரன், பிடுங்கித் தின்பவன் தானே என்று உணர்கிறான். அரசைத் துறக்கிறான். எதிரியை இப்படியும் பார்க்க முடியுமா! அந்த எட்டு மணமும் இத்தனை அரசபோகமும் ஒருவன் விட்டுவிட வேண்டியவை எவ்வளவு என்று காட்டத்தானோ என்று அப்போதுதான் பட்டது. சிரித்த வாய் மூடிக்கொண்டது.

மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனேன். அடிவாரத்தில் அய்யனார் கோயிலும் தாமரைக் குளமும். மேலே பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், வட்டெழுத்துக் கல்வெட்டுகள். ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அவர்கள் நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள்! மாயப் பசுவை ஏவியவர்களாகவே அவர்களை அறிந்திருந்தேனே என்று வெட்கமாக இருந்தது.

பாட்டி சொன்ன கதையை என் பேத்திக்கு நானும் சொல்கிறேன். நல்ல கதை, விடுவானேன்? சொல்லி முடித்ததும் குரங்கும் பலாச்சுளையும் கதையையும் சேர்த்துச் சொல்வேன். மாணவத் தம்பி தங்கைகளே! எந்தப் புலவரையும் முதல் பக்கத்தில் எடை போடாதீர்கள். 3145 பாட்டையும் படிக்க நேரமில்லையா? கடைசி இலம்பகத்தையாவது படித்துவிட்டுச் சிரியுங்கள்!