கோடைக் காலக் குருகுலம்: மென்பொருள் உலகில் மாணவர் கண்ட வழி

ஒரு தொழிலைக் கற்க வருபவனுக்கு மூன்று பேறுகள் வேண்டும். தேர்ந்தவர் செய்த பொருளை உள்ளும் புறமும் பார்க்க அவனுக்கு வாய்ப்பு வேண்டும். தானே ஒன்றைச் செய்து பார்க்க இடம் வேண்டும். செய்ததைத் தேர்ந்தவர் ஒருவர் முன்வைத்துக் குறை கேட்க வழியும் வேண்டும். தச்சும் நெசவும் பொற்கொல்லும் இவ்வாறே தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தன. கணினிக்கு மென்பொருள் எழுதும் புதுத்தொழிலில் இம்மூன்றும் எவ்வாறு ஒன்றுகூடின என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூட்டிய ஏடுகள்

மென்பொருளுக்கு இரு வடிவங்கள் உண்டு. மனிதர் எழுதவும் படிக்கவும் தக்க மூலநிரல் ஒன்று. கணினி ஏற்று இயக்கும் வடிவம் மற்றொன்று. பின்னதை மட்டும் விற்று, முன்னதைப் பூட்டி வைக்கும் வழக்கம் 1970களிலும் 1980களிலும் வேரூன்றியது. உரையின்றி நூலைக் கொடுப்பது ஒரு குறை என்றால், நூலையே காட்டாது பொருளை மட்டும் சொல்வது பெருங்குறையன்றோ?

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன் இவ்வழக்கத்தை எதிர்த்து, 1983 செப்டம்பரில் ‘குனு’ என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். திருத்தி வழங்குவோர் அதே உரிமையைப் பெறுவோர்க்கும் அளித்தல் வேண்டும் என்னும் பொது உரிமத்தை 1989இல் வெளியிட்டார். ‘திறமூலம்’ என்று நாம் இன்று வழங்கும் பெயரின் ஆங்கில மூலம் 1998இல் தோன்றியது. இவ்வாறு முதற்பேறு கிட்டியது, ஏடுகள் திறந்தன.

தனியே நடந்தோர்

நெதர்லாந்துப் பேராசிரியர் ஆண்ட்ரூ டனன்பாம், மாணவர் படித்தறியும் பொருட்டு ‘மினிக்ஸ்’ என்னும் சிறிய இயங்குதளத்தை எழுதி, 1987இல் பாடநூலோடு வெளியிட்டார். அதனைப் படித்தவருள் ஒருவர் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். தாம் ஓர் இயங்குதளம் எழுதி வருவதாக அவர் 1991 ஆகஸ்டு 25ஆம் நாள் அறிவித்தபோது அவருக்கு வயது 21. அதுவே ‘லினக்ஸ்’ ஆயிற்று. 1992இல் டனன்பாம் அதன் அமைப்பைப் பழமையானது என்று கண்டித்தார். அவர் தம் மாணவராக இருந்திருந்தால் இதற்கு உயர்ந்த மதிப்பெண் கிடைத்திராது என்றும் கூறினார். மாணவரோ அஞ்சாது மறுமொழி எழுதினார். பின்னர் உலகெங்கும் பரவியது அந்த மதிப்பெண் பெறாத வேலைதான்!

1993இல் ‘டெபியன்’ திட்டத்தைத் தொடங்கிய இயன் மர்டாக்கும், 1996இல் ‘கேடிஈ’ திட்டத்தைத் தொடங்கிய மத்தியாஸ் எட்ரிக்கும் அப்போது மாணவர்களே. ஆயினும் இவர்கள் அருந்திறலும் துணிவும் மிக்கவர்கள். திறந்த ஏட்டைக் கண்டும், யாரைக் கேட்பது, எங்கே தொடங்குவது என்றறியாது திரும்பிய இளைஞரின் பெயரை வரலாறு எழுதி வைக்கவில்லை. பள்ளிக்கூடம் முதல் வரிசை மாணவனுக்காக மட்டும் ஏற்பட்டதன்று என்பதை ஆசிரியர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

2005ஆம் ஆண்டு ஏற்பாடு

இந்தக் குறையை நீக்க ஒரு வழி 2005இல் பிறந்தது. கூகுள் நிறுவனம் ‘சம்மர் ஆஃப் கோட்’ என்னும் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தை அவ்வாண்டு ஜூன் மாதம் தொடங்கிற்று. மாணவர், அப்பாச்சி, பைத்தான், கேடிஈ போன்ற திறமூல அமைப்புகளுள் ஒன்றைத் தேர்ந்து தம் பணித்திட்டத்தை எழுதி அனுப்ப வேண்டும். தேர்வு பெற்றவர்க்கு அவ்வமைப்பில் அனுபவம் உடைய ஒருவர் வழிகாட்டியாவார். பணியை முடித்த மாணவர்க்கு 4,500 அமெரிக்க வெள்ளியும், அமைப்புக்கு 500 வெள்ளியும் வழங்கப்பட்டன. 200 பேரை ஏற்பதாக இருந்த அத்திட்டத்திற்கு 8,700க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. 400க்கும் மேற்பட்டோர் ஏற்கப்பட்டனர். பசி எவ்வளவு பெரிதாய் இருந்தது என்பதற்கு இவ்வெண்களே சான்று.

தேர்வு பெற்ற மாணவர் உடனே எழுதத் தொடங்குவதில்லை. முதற்சில வாரங்கள் அமைப்பினரோடு பழகுவதற்கென்றே ஒதுக்கப்படுகின்றன. பிறர் எழுதிய பல்லாயிரம் வரிகளைப் படித்தறிதல், எவரிடம் எதைக் கேட்பது எனத் தெரிதல், சிறு பிழையொன்றைத் திருத்தி அனுப்புதல் ஆகியவை அந்நாள்களின் பணி. அனுப்பிய திருத்தம் வரிக்கு வரி குறிப்புகளுடன் திரும்பி வரும். ஆசிரியப் பயிற்சியில் பாடக்குறிப்பு சிவப்பு மையோடு திரும்பி வந்த நாள்களை நம்மில் பலர் மறந்திரோம். இங்கோ அந்தச் சிவப்பு மை உலகோர் கண்முன் விழுகிறது. கேட்டால் அறிவிலி என்பாரோ என்னும் அச்சமே தொடக்க மாணவனின் பெரும்பகை. வழிகாட்டியின் முதற்கடமை அதனைப் போக்குவதாகும். இடையிலும் இறுதியிலும் வழிகாட்டி மாணவரை மதிப்பிடுகிறார். மாணவரும் வழிகாட்டியைப் பற்றித் தம் கருத்தைத் தெரிவிக்கிறார்.

நன்னூலார் சொன்ன கணக்கு

ஆசிரியர் சொல்வதை நன்கு கேட்டுக் கொள்பவன் கல்வியில் காற்பங்கே பெறுவான். உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு பெறுவான். எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு விரித்துரைப்பதால் வரும் என்பது நன்னூலார் கணக்கு. இத்திட்டத்தை அக்கணக்கிலேயே வைத்துப் பார்க்கலாம். ஒரு கோடையில் மாணவராய் வந்தவருள் பலர் பின்னர் வழிகாட்டிகளாய்த் திரும்பியுள்ளனர். திட்டத்தின் உண்மைப் பயன் அங்கேதான் தொடங்குகிறது.

இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இதற்கு நல்ல சான்று. 2005 முதல் 2014 வரையான முதற்பத்தாண்டில் உலகிலேயே மிகுதியான மாணவரை இத்திட்டத்திற்குத் தந்தது அதுவே. திட்டம் பிறக்கும் முன்பே இலங்கைப் பொறியாளர் சிலர் அப்பாச்சி அமைப்பின் பணிகளில் ஈடுபட்டிருந்தனர். செல்வம் மிக்க நாடுகளின் பெரும் பல்கலைக்கழகங்களை ஒரு சிறு தீவின் கழகம் முந்தியதற்கு, கேட்டறிய மூத்தோர் அருகிலேயே இருந்தமை ஒரு காரணம் எனலாம்.

பணம் தரும் நிறுவனமும் திறமூல மென்பொருளைப் பெரிதும் பயன்படுத்துவதே. அதன் நலனும் இதில் கலந்துள்ளது. ஊக்கத்தொகை பெற்றதும் விலகிச் செல்லும் மாணவரும் உளர். எனினும் வாயில் விரிந்தே வந்திருக்கிறது. மாணவர்க்கு மட்டும் என்றிருந்த விதி 2022இல் தளர்ந்து, 18 வயது நிரம்பிய புதியவர் எவரும் விண்ணப்பிக்கலாம் என்றாயிற்று. பணிக்காலமும் 22 வாரம் வரை நீளலாம் என நெகிழ்ந்தது. ஐரோப்பிய, அமெரிக்கக் கோடை விடுமுறை இல்லாத நம் போன்ற நாட்டினர்க்கு இது பெருநன்மை.

ஏட்டைத் திறந்து வைத்தது முதல் தொண்டு. திறந்த ஏட்டின் அருகே, பொறுமையுள்ள ஒருவரை அமர்த்தியது இரண்டாம் தொண்டு. முன்னதற்குச் சட்டமும் உரிமமும் போதும். பின்னதற்கு மனிதர் வேண்டும். நம் பள்ளிகளில் கணினிகள் வந்து அமர்ந்துவிட்டன. அவற்றின் அருகே அமரப்போகும் மூத்தோர் யாவர் என்பதே நாம் இனி விடை காண வேண்டிய வினா.