ஈய எழுத்து விடைபெற்றபோது

1977ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் கனூத்திடம் அவரது நூலின் பக்கங்கள் ஒப்புநோக்குவதற்காக வந்து சேர்ந்தன. கணனி நிரலாக்கக் கலை குறித்த அவரது பெருநூலின் இரண்டாம் பாகத்துக்கு அது மறுபதிப்பு. 1969இல் முதற்பதிப்பு வெளிவந்தபோது மொனோடைப் இயந்திரத்தில் ஈயத்தை உருக்கி எழுத்து வார்த்து அச்சிட்டிருந்தார்கள். மறுபதிப்புக்கு வந்தது ஒளியச்சுக்கோப்பு. அந்தப் பக்கங்கள் கனூத்திற்குச் சகிக்க முடியாதவையாகத் தோன்றின.

வேறொருவர் என்றால் பதிப்பகத்துக்குக் காரசாரமாக ஒரு கடிதம் எழுதி ஆறியிருப்பார். கனூத்தோ அச்சுக்கோப்பதற்கென்றே ஒரு மென்பொருளை எழுத உட்கார்ந்தார். ஓராண்டில் முடியுமென எண்ணிய வேலை ஏறத்தாழப் பத்தாண்டுகளை விழுங்கியது. டெக் என்பது அதன் பெயர். கலையையும் கைவினையையும் ஒருங்கே குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுக்கப்பட்டது.

அச்சுக்கோப்பாளர்களுக்கு அருகில் நின்று தொழில் பழகிய என் போன்றோருக்கு டெக்கின் அருமை உடனே விளங்கும். கையால் கோப்பவர் வரி வரியாகவே செல்வார். இறுதிச் சொல் வரியில் அடங்காவிட்டால் இடைவெளிகளைக் கூட்டுவார், அல்லது சொல்லை முறிப்பார். டெக் பந்தி முழுவதையும் ஒருசேரப் பார்க்கிறது. எங்கெங்கே முறித்தால் பந்தியின் மொத்த அலங்கோலம் மிகக் குறையும் என்று கணக்கிட்டு, அதன் பின்னரே வரிகளை அமைக்கிறது. கனூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981இல் இந்த முறையைக் கட்டுரையாக வெளியிட்டனர். நீண்ட சொற்கள் மலிந்த தமிழுக்கு இதன் தேவை ஆங்கிலத்தைவிட அதிகம். நமது பத்திரிகைகளின் ஒடுங்கிய பத்திகளில் சொற்களுக்கிடையே வாய்பிளந்து நிற்கும் வெளிகளைப் பார்த்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

கனூத் இதனை இலவசமாகவே உலகுக்கு வழங்கினார். பிழை கண்டுபிடித்தவர்களுக்கு 2.56 டொலர் காசோலையும் அனுப்பினார். (நமது பத்திரிகைகள் எழுத்துப்பிழைக்கு இவ்வாறு சன்மானம் வழங்கினால் ஒரே மாதத்தில் கதவை மூட நேரிடும்.)

லெஸ்லி லாம்போர்ட் 1980களில் உருவாக்கிய லேடெக் இதன் பயன்பாட்டை எளிதாக்கியது. எனினும் கட்டளைகளைத் தட்டெழுத வேண்டியிருந்ததால் எழுத்தாளர்கள் நெருங்கத் தயங்கினர். 1995இல் மத்தியாஸ் எட்ரிச் என்ற ஜேர்மன் மாணவர் தொடங்கிய லிக்ஸ் அந்தத் தயக்கத்துக்கு விடையானது. திரையில் தலைப்பு, பந்தி, அடிக்குறிப்பு என்று வகைப்படுத்தி எழுதிச் செல்லலாம். கட்டளைகளை அதுவே எழுதிக்கொள்ளும்.

நான் லிக்ஸை நாடியதற்கு ஒரு காரணம் உண்டு. 1990களில் வெளிவந்த ஓர் ஊர் நினைவுமலரின் அச்சுப் பிரதிகள் இடப்பெயர்வுகளில் அழிந்துபோக, ஒரு நெகிழ்வட்டு மாத்திரம் எஞ்சியது. பக்க வடிவமைப்புக் கோப்பு இன்றைய கணனியில் திறக்கவில்லை. கட்டுரைக் கோப்புகள் திறந்தன. ஆனால் பாமினி எழுத்துரு இல்லாத கணனியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். காலமான பலரின் எழுத்து அதற்குள் கிடந்தது. லிக்ஸ் கோப்போ யூனிகோடில் அமைந்த வெற்று உரை. அந்த மென்பொருளே மறைந்தாலும் சாதாரண உரைத்தொகுப்பி ஒன்றில் வாசிக்கலாம்.

நிறுவுவோர் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். லிக்ஸ் தானாக அச்சுக்கோப்பதில்லை. அது முகப்பு, டெக்கே இயந்திரம். ஆகவே விண்டோஸ் கணனியில் முதலில் டெக்லைவ் அல்லது மிக்டெக் தொகுப்பை நிறுவி, அதன் பின்னரே லிக்ஸை நிறுவுதல் நல்லது. டெக்லைவ் முழுத் தொகுப்பு பல கிகாபைட் அளவினது. பொறுமை தேவை. உபுண்டுவில் லிக்ஸ் பொதியைக் கேட்டால் தேவையானவை பெரும்பாலும் சேர்ந்தே வந்துவிடும். பின்னர் ஆவண அமைப்புகளில் மொழியைத் தமிழாக்கி, எழுத்துருப் பகுதியில் டெக் சாராத எழுத்துருக்களுக்கான கட்டத்தைக் குறியிட்டு, நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துருவைத் தெரிவுசெய்ய வேண்டும். வெளியீட்டை சீடெக் வழியாகப் பெறலாம். ஜொனதன் கியூ 2004இல் வெளியிட்ட இந்த இயந்திரம் யூனிகோடு தமிழை நேரடியாகவே கையாள்கிறது.

மலரின் கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்றி ஒவ்வொன்றாக லிக்ஸில் ஏற்றி வருகிறேன். நான்கு முடிந்தன. ஐந்தாவது, ஊர்க் குளங்களைப் பற்றியது.