வரம் வேண்டியவளும் வேண்டாதவளும்

சிலப்பதிகாரம் என்றவுடன் கோவலன், கண்ணகி, மாதவி என்னும் மூவரே நம் நெஞ்சில் எழுவர். கண்ணகியின் பார்ப்பனத் தோழி தேவந்தியை நினைப்பார் சிலரே. 1892ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் இந்நூலை அடியார்க்கு நல்லார் உரையுடன் பதிப்பித்த பின்னர் ஆய்வுகள் பல எழுந்துள்ளன. எனினும், காதலைப் பற்றி இவ்விரு தோழியரும் கொண்ட மாறுபட்ட நோக்கு தனியே எண்ணிப் பார்க்கத்தக்கது.

இவர்தம் உரையாடல் அமைந்த கனாத்திறம் உரைத்த காதை ஒரு வரலாற்று ஆவணமுமாகும். வேற்கோட்டம், வச்சிரக் கோட்டம், நிக்கந்தக் கோட்டம், நிலாக்கோட்டம் எனப் புகார் நகரின் வழிபாட்டிடங்கள் பலவற்றை அது வரிசைப்படுத்துகிறது. குறை நேர்ந்துழித் தெய்வத்திடம் முறையிடுவது அந்நகர மக்களின் இயல்பு என்பது இதனால் விளங்கும்.

தேவந்தி அவ்வியல்பில் ஊறியவள். பாசண்டச் சாத்தன் என்னும் தெய்வம் மானிட வடிவில் அவளை மணந்து, எட்டாண்டுகள் உடன் வாழ்ந்து, தன் கோட்டத்துக்கு வருமாறு கூறி மறைந்தது. கணவன் தீர்த்தமாடச் சென்றதாக ஊரார்க்கு உரைத்து, அக்கோட்டத்தை வழிபட்டு வாழ்ந்தாள் அவள். அவளுக்குக் காதல் என்பது காத்திருத்தல், நோன்பு, வேண்டுதல். தோழியின் பொருட்டும் அறுகும் சிறுபூளையும் நெல்லும் தூவி வேண்டினாள்.

கண்ணகி தன் தீக்கனவைக் கூறியபோது, முற்பிறவியில் நோன்பு தவறியதே துயருக்குக் காரணம் என்றாள். காவிரி கடலொடு கலக்குமிடத்தருகே உள்ள சோமகுண்டம், சூரியகுண்டம் ஆகிய பொய்கைகளில் நீராடிக் காமவேளைத் தொழுதால் கணவனைக் கூடி இன்புறலாம் என்று அழைத்தாள். அப்பொய்கைகளைத் திருவெண்காட்டுத் தீர்த்தங்களோடு தொடர்புபடுத்துவாரும் உளர்.

கண்ணகியின் விடை இரண்டே சொற்கள். அது பெருமை தருவதன்று என்பதே பொருள். கணவனையன்றிப் பிற தெய்வம் தொழாத கற்பின் திறமே இவ்விடை என்பது மரபான விளக்கம். நமக்கு வேறொன்றும் தோன்றுகிறது. விலகிச் சென்ற அன்பை இரந்து பெறுதல் தன் மதிப்புக்கு இழுக்கு என்று அவள் கருதினாள். அம்மதிப்பு சினமாக மாறவில்லை. அப்பொழுதே கோவலன் வாயிலில் வந்து நின்றான். கடிந்துரையாது, சிலம்பைக் கொள்க என்றாள்.

இத்தலைநகரில் கர்வா சௌத் நாளில் நிலவுக்குக் காத்து நிற்கும் அண்டை வீட்டு மகளிரையும், நம் இல்லங்களில் காரடையான் நோன்பு நோற்போரையும் காணும்போது, தேவந்தி இன்றும் வாழ்கிறாள் என்றே எண்ணுகிறோம். அவ்வன்பை எள்ளுதல் தகாது. ஆயினும், கற்பு என்றால் பொறுத்தலே என்று மட்டும் நம் பெண்மக்களுக்குக் கற்பித்தால், கண்ணகியின் பாதியை மறைத்தவராவோம். தன் மதிப்பை இழவாது அன்பு செலுத்தலாம் என்பதையும் அவளிடமிருந்தே அவர்கள் அறிதல் வேண்டும்.

காப்பிய முடிவு இதனினும் வியப்பானது. சேரன் செங்குட்டுவன் இமயத்தில் கல்லெடுத்துக் கங்கையில் நீர்ப்படை செய்து, வஞ்சியில் பத்தினிக் கோட்டம் அமைக்கிறான். அங்கே பூசை செய்யும் பொறுப்பைத் தேவந்தியிடமே ஒப்படைக்கிறான். அப்பகுதியின் பெயரே வரந்தரு காதை. வரம் வேண்ட மறுத்தவள் வரம் தருபவளானாள். வரம் வேண்டச் சொன்னவள் அவளுக்கே பூவும் புகையும் ஏந்தினாள். காதலைப் பற்றிய கருத்தில் வேறுபட்ட இருவரும் நட்பில் இறுதிவரை வேறுபடவில்லை.