பருமனும் சர்க்கரையும்

பருத்த உடலினர் ஒருவர் தம்மைப் பற்றித் தாமே எழுதிய சிறு நூலொன்றின் வரலாற்றை இன்று கூற விழைகின்றேன்.

வில்லியம் பாண்டிங் என்பார் லண்டன் மாநகரில் ஈமச் சடங்குகளுக்கு ஏற்பாடு செய்யும் தொழில் நடத்தியவர். 1862-இல், தமது 66-ஆம் வயதில், அவர் எடை 202 ராத்தல். குனிந்து காலணியைக் கட்டவும் இயலவில்லை; படிகளில் பின்புறமாகவே இறங்கினார். முன்னர்ப் படகு வலித்தும் பார்த்தார்; பசிதான் பெருகிற்று! சர்க்கரையிட்ட தேநீரும் மாப்பண்டங்களும் அவருக்கு நெடுநாள் வழக்கம். காது மந்தத்துக்காக அவர் நாடிய மருத்துவர் ஹார்வி, சர்க்கரை, ரொட்டி, பால், வெண்ணெய், பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விலக்குமாறு பணித்தார். பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. இதையே நான் முதன்மையாகக் கருதுகின்றேன். காலையிலேயே இறைச்சி உண்டு. சர்க்கரையில்லாத் தேநீரும் உண்டு. வயிறு வாடாதிருந்தமையால்தான் இனிப்பின் வேட்கையை அவரால் வெல்ல முடிந்தது போலும். ஓராண்டில் 46 ராத்தல் குறைந்தது. 1863-இல் அவ்வனுபவத்தை அச்சிட்டு இலவசமாக வழங்கினார்.

பின்னர், வாரத்துக்கு 5 அவுன்ஸ் சர்க்கரை உண்டு சோதித்தார். எடை ஏறத்தாழ ஒரு ராத்தல் கூடிற்றாம். அச்சிறு அளவு அவ்வளவு கொழுப்பாக மாறாது. உடலில் தங்கிய நீரையும் தராசு சேர்த்தே காட்டியிருக்கும் என்பது என் கருத்து. சுவீடன் நாட்டார் உணவைக் குறைத்து இளைப்பதை, அவர் பெயரிலிருந்து பிறந்த வினைச்சொல்லால் இன்றும் வழங்குகின்றனர்.