புங்கங்கொட்டையும் டீசல் எஞ்சினும்

தாம்பரத்தில் எங்கள் தெருவில் நாலைந்து புங்க மரங்கள் நிற்கின்றன. சித்திரை பிறந்தால் பொரி இறைத்தாற்போல் பூ உதிரும். கூடவே, முந்திய வருஷத்துக் காய்களும் விழும். தெருக் கூட்டும் அம்மாள் எல்லாவற்றையும் வாரிக் குப்பை வண்டியில் போட்டுவிடுவாள். வண்டி டீசலில் ஓடுவது. தான் குடிக்கக்கூடிய எண்ணெயையே அது குப்பையென்று சுமந்துகொண்டு போகிறது!

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 1900-ஆம் வருஷம் பாரிஸ் கண்காட்சியில் சிறிய டீசல் எஞ்சின் ஒன்று வேர்க்கடலை எண்ணெயில் ஓடிற்று. ஓட்டம் அவ்வளவு சீராக இருந்ததால் பார்த்தவர்களில் பலருக்கு விஷயமே தெரியவில்லையாம். ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் கடலை கொட்டிக் கிடக்கிறதே என்பது பிரெஞ்சு சர்க்காரின் எண்ணம். நம் தென் ஆற்காட்டுக் கடலையும் அந்நாளில் புதுச்சேரியில் கப்பலேறி மார்செய்க்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. தாவர எண்ணெய்க்கு ஒரு காலம் வரும் என்று 1912-ல் எழுதினார் ருடால்ப் டீசல். மறு வருஷம் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் ஓரிரவு காணாமற்போனார். மண்ணுக்கடியிலிருந்து எண்ணெய் மலிவாக வந்தது. கடலை எண்ணெய் தாளிக்கும் கரண்டியோடு நின்றுவிட்டது.

புங்கங்கொட்டையின் எடையில் கால் பங்குக்குமேல் எண்ணெய் உண்டு. மண்ணெண்ணெய் வருமுன் அதில் விளக்கெரித்தவர்கள் நம் முன்னோர். பெங்களூர் விஞ்ஞானக் கழகத்துப் பேராசிரியர் உடுப்பி ஸ்ரீனிவாசா அந்த எண்ணெயை ஊற்றியே கிராமத்து டீசல் ஜெனரேட்டர்களை ஓட்டிக் காட்டினார். ஆனால் பச்சை எண்ணெய் கெட்டியானது. நாளடைவில் எஞ்சினில் கரி பிடிக்கும். மெதனாலும் சிறிது காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் சூடாக்கினால் கிளிசரின் அடியில் தங்கும். மேலே தெளிந்து நிற்பதுதான் பயோடீசல்.

இவ்வளவு சுலபமா? 2003-ல் திட்டக் கமிஷன் காட்டாமணக்கைக் கையிலெடுத்தது. தண்ணீர் வேண்டாம், ஆடு தின்னாது, தரிசில் வளரும் என்றார்கள். கோயம்புத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் குடியானவர்கள் நம்பி நட்டார்கள்; தரிசில் அல்ல, பயிர் விளைந்த சொந்த நிலத்திலேயே. செடி வளர்ந்தது, உண்மை. நீரும் எருவும் இல்லாமல் காய்தான் காய்க்கவில்லை. பலர் பராமரிப்பதை விட்டார்கள். சிலர் வேரோடு பிடுங்கினார்கள். 2017-க்குள் டீசலில் நூற்றுக்கு இருபது பங்கு கலப்போம் என்று 2009-ல் போட்ட கணக்கு, 2018-ல் எழுதிய கொள்கையில் 2030-க்குள் ஐந்து பங்கு என்று சுருங்கிவிட்டது.

சென்ற சித்திரையில் தெருக் கூட்டும் அம்மாளிடம் இந்தக் கதையைச் சொல்லி, கொட்டைகளைத் தனியே பொறுக்கி வைக்கலாமே என்றேன். துடைப்பத்தைக் கையில் தட்டியபடி, "கிலோ என்ன வெலைக்கு எடுப்பாங்க, சார்?" என்று கேட்டாள்.